அலுவலகக் கட்டடம் ஆளை நோயில் தள்ளுமா?

கேள்வி இது: ஏசி போட்ட அலுவலகம். காலையில் தெம்பாக வருகிறவர்களுக்கு மதியத்துக்குமேல் தலை கனக்கிறது, கண் எரிகிறது, தொண்டை வறள்கிறது. வீட்டுக்குப் போன கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிடுகிறது. மறுநாள் திரும்பவும் அதே தொல்லை. நிர்வாகம் "மனப்பிரமை" என்கிறது. கட்டடம் நிஜமாகவே ஆளை நோயாளியாக்குமா?

ஆக்கும். ஆனால் இரண்டு வேறு வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுப் பேசுவதால்தான் இந்த வாக்குவாதம் முடிவதே இல்லை. காரணம் இன்னதென்று பரிசோதனையில் காட்டக்கூடிய நோய்கள் ஒரு வகை: லெஜியோனெல்லா பாக்டீரியாவால் வரும் நிமோனியா, ஈரமான ஏசி பாகங்களில் வளரும் நுண்ணுயிர்களால் வரும் ஒவ்வாமை நுரையீரல் அழற்சி, ஆஸ்துமா, கார்பன் மோனாக்சைடு நச்சு. மற்ற வகைக்கு சிக் பில்டிங் சிண்ட்ரோம் என்று பெயர். கண், மூக்கு, தொண்டை எரிச்சல், தலைவலி, சோர்வு, தோல் வறட்சி. கட்டடத்தை விட்டு வெளியே வந்தால் தணிந்துவிடும். தனி ஒருவருடைய ரத்தப் பரிசோதனையில் இதற்கு எந்தத் தடயமும் இருக்காது. ஒரே இடத்தில் வேலை செய்யும் பலருடைய புகாரைச் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் தெரியும். புதிதாகக் கட்டிய, புதுப்பித்த கட்டடங்களில் 30 சதவீதம் வரை இப்படிப்பட்ட புகார்கள் அளவுக்கு மீறி இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 1984-ஆம் ஆண்டு அறிக்கை சொன்னது. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் இந்த இரண்டாம் வகையில் சேரும்.

"மனப்பிரமை" என்பவர்களுக்குக் காட்ட ஒரு கட்டடம் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பான்டியாக் என்ற ஊர், ஓக்லண்ட் மாவட்டச் சுகாதாரத் துறை அலுவலகம், 1968 ஜூலை. இரண்டொரு நாளில் காய்ச்சலும் குளிரும் தலைவலியும் உடல்வலியுமாக ஊழியர்கள் வரிசையாகப் படுத்தார்கள். அங்கே வேலை பார்த்த 100 பேரில் 95 பேர். வந்து போனவர்களையும் சேர்த்தால் 144 பேர். விசாரிக்க வந்த மத்திய நோய்த்தடுப்பு மையத்தின் ஆட்களும் விழுந்தார்கள். ஏசி ஓடும்போது உள்ளே இருந்தவர்களுக்குத்தான் நோய் வந்தது. ஏசியின் ஆவிக் குளிர்விப்பான் வெளியேற்றிய நீர்த்திவலைகள், பழுதுபட்ட டக்ட் வழியாக அறைகளுக்குப் போகும் காற்றில் கலந்துகொண்டிருந்தன. கிருமி எது என்று அப்போது பிடிபடவில்லை. 1976-ல் பிலடெல்பியாவில் முன்னாள் படைவீரர் மாநாட்டுக்கு வந்தவர்களிடையே நிமோனியா பரவிப் பலர் இறந்தார்கள். அதைத் துருவியபோது லெஜியோனெல்லா கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பிறகு பான்டியாக்கில் எடுத்துப் பாதுகாத்து வைத்திருந்த மாதிரிகளைத் திரும்பச் சோதித்தார்கள்; அதே கிருமி. பத்து வருடம் பெயர் தெரியாமல் இருந்ததால் அந்த 144 பேரின் காய்ச்சல் பொய்யாகிவிடவில்லை.

இனி உங்கள் தலைவலிக்கு வருவோம். அமெரிக்கத் தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ், 1980-களின் இறுதிவரை 500-க்கும் மேற்பட்ட கட்டடங்களைப் புகாரின்பேரில் ஆராய்ந்தது. பாதிக்குச் சற்று மேற்பட்ட கட்டடங்களில் முதன்மைக் குறையாகக் குறித்தது ஒன்றே: போதுமான வெளிக்காற்று உள்ளே வரவில்லை. இதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு மின்செலவைக் குறைக்க, அலுவலகங்களுக்கான வெளிக்காற்று அளவை அமெரிக்காவில் ஆளுக்கு நிமிடத்துக்கு 5 கன அடி வரை இறக்கினார்கள். புகார்கள் குவிந்தன. 1989-ல் ஆஷ்ரே என்ற ஏசிப் பொறியாளர் சங்கத்தின் தரநிலை அதை அலுவலகத்துக்கு 20 கன அடி என்று உயர்த்தியது. அதாவது ஆளுக்கு விநாடிக்குச் சுமார் 10 லிட்டர். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் அலுவலகங்களில் நிலைமை இன்னும் மோசம். சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏசியோ சீலிங்கில் பதிக்கும் கேசட்டோ வெளிக்காற்றைக் கொண்டுவருவதே இல்லை. உள்ளே இருக்கும் காற்றையே இழுத்து, குளிர்வித்து, திரும்ப ஊதுகின்றன. இதைத் தெரியாதவர்கள் அதிகம். "ஏசி ஓடுதே, காற்று வருதே" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 அடிக்கு 15 அடி, 10 அடி உயரம் கொண்ட மீட்டிங் அறையில் இருப்பது சுமார் 51 கன மீட்டர் காற்று. உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுவார். எட்டுப் பேர் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினால் 144 லிட்டர். வெளியே 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) இருக்கும் அந்த வாயு, இடுக்குகளில் கசியும் காற்றைக் கழித்தாலும், அந்த அறையில் 2,500-ஐத் தாண்டிவிடும். ஆளுக்கு விநாடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று கிடைத்தால் அதே அறை 900-ஐ ஒட்டி நின்றுவிடும்.

2,500 பிபிஎம் ஆளைக் கொல்லும் அளவு கிடையாது. அந்த வாயுவை ஓர் அளவுகோலாகப் பாருங்கள். அது வெளியேறவில்லை என்றால் மனிதர்களின் உடல் வாடை, பிரின்டரின் ஆவி, பலகைகளிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு, ஒருவர் இருமிய வைரஸ் எதுவும் வெளியேறவில்லை என்று பொருள்.

அளப்பதற்கு அகச்சிவப்பு முறையில் அளக்கும் சென்சார் உள்ள மீட்டர் வாங்குங்கள். மலிவான கருவிகள் சில வேறு வாயுக்களை அளந்து கார்பன் டை ஆக்சைடை ஊகித்துக் காட்டும், அவை உதவாது. முதலில் மொட்டை மாடியில் அரை மணி வைத்து 420-ஐ ஒட்டிக் காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு மூச்சு நேராகப் படாத இடத்தில், மேசை உயரத்தில் வைத்து நாள் முழுக்கப் பதிவு செய்யுங்கள். மாலையில் எல்லோரும் போனபின் ஏசியை ஓடவிட்டு, அளவு எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பாருங்கள். வெளியே இருப்பதைவிட 1,000 அதிகமாக இருந்தது 370 அதிகம் என்ற நிலைக்கு இறங்க இரண்டு மணி நேரம் ஆனால், உங்கள் அறையின் காற்று மணிக்கு அரைத் தடவைதான் மாறுகிறது. நிர்வாகத்திடம் பேச இந்த ஒரு எண் போதும். யாரும் மனப்பிரமை என்று சொல்ல முடியாது.

மீட்டர் வாங்குவதற்கும் முன்னால் காசில்லாத வேலை ஒன்று உண்டு. இரண்டு வாரத்துக்கு ஒரு தாளில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்: எந்த இருக்கை, எந்த நாள், எத்தனை மணிக்குத் தொடங்கியது, என்ன தொல்லை, எப்போது தணிந்தது. பெயர் வேண்டாம். அதைத் தரைப்படத்தில் குறித்தால் பாதி விடை கிடைத்துவிடும். காலையில் ஒன்றுமில்லாமல் மதியத்துக்குமேல் ஏறினால் வெளிக்காற்றுக் குறைவு. திங்கட்கிழமை காலை மட்டும் மோசம் என்றால், இரண்டு நாள் நின்றிருந்த ஏசியில் ஈரம் தேங்கி நுண்ணுயிர் பெருகியிருக்கிறது. கரண்ட் போன நாட்களில் மட்டும் தலைவலி என்றால் ஜெனரேட்டர் புகை. ஒரே வரிசையில் இருக்கும் நாலு பேருக்கு மட்டும் என்றால், அவர்கள் தலைக்கு மேல் குளிர்காற்று வரும் வாயான டிஃப்யூசரையோ பக்கத்து பிரின்டரையோ பாருங்கள். புது இன்டீரியர் செய்த பகுதியில் உட்காருகிறவர்களுக்கு மட்டும் கண் எரிந்தால் பலகையும் பசையும்.

சென்ட்ரல் ஏசி உள்ள கட்டடம் என்றால், காற்றைக் குளிர்வித்து டக்டுக்குள் தள்ளும் பெரிய பெட்டியான ஏ.எச்.யூ. இருக்கும் அறைக்குப் போய் நேரில் பார்க்க வேண்டும். வெளிக்காற்று நுழையும் வழியில் உள்ள தடுப்புக் கதவு, அதாவது டேம்பர், திறந்திருக்கிறதா? பெரும்பாலும் மூடியிருக்கும், சில இடங்களில் தெர்மோகோல் வைத்து அடைத்திருப்பார்கள். காரணம் சோம்பேறித்தனம் இல்லை, செலவு. 30 பேர் அலுவலகத்துக்கு விநாடிக்கு 300 லிட்டர் வெளிக்காற்று வேண்டும். சென்னையின் புழுக்கத்தில் அந்தக் காற்றிலிருந்து மணிக்குச் சுமார் 12 லிட்டர் தண்ணீரைப் பிழிந்தெடுக்க வேண்டும்; அந்தக் காற்றைக் குளிர்வித்து உலர்த்த மட்டும் ஏறக்குறைய மூன்றரை டன் ஏசித் திறன் போகும். அதனால்தான் டேம்பரை மூடுகிறார்கள். வெளியேறும் குளிர்ந்த, உலர்ந்த காற்றைக் கொண்டு உள்ளே வரும் காற்றை முன்கூட்டியே குளிர்வித்து உலர்த்தும் இ.ஆர்.வி. கருவி இந்தச் சுமையில் பாதிக்குமேல் மிச்சப்படுத்தும். ஸ்பிளிட் ஏசி அலுவலகங்களுக்கும் இதுவே நல்ல வழி. வெறும் எக்ஸாஸ்ட் ஃபேனை மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அது காற்றை வெளியே தள்ளும்போது, ஈடுசெய்யும் காற்று கழிவறையிலிருந்தும் சுவர் இடுக்குகளிலிருந்தும் வரும்.

அதே ஏ.எச்.யூ. அறையில் பெயின்ட் டப்பா, பினாயில், கொசுமருந்து, பழைய கார்பெட் எதுவும் வைத்திருக்கக் கூடாது. பல கட்டடங்களில் அந்த அறை முழுவதுமே திரும்பி வரும் காற்றின் பாதை. அங்கே திறந்து வைத்த தின்னர் மாடி முழுக்கப் போய்ச் சேரும்.

அடுத்தது தண்ணீர். எனக்குக் காற்றைவிட இதில்தான் கவலை அதிகம். தமிழகக் கடலோரத்தில் பல மாதங்களுக்கு வெளிக்காற்றின் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 24, 25 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. வெளிக்காற்று படும் எந்தப் பரப்பும் அதைவிடக் குளிர்ந்தால் வியர்க்கும். ஏசியை 18-ல் வைத்து ஜன்னல் இடுக்கைத் திறந்துவிட்டால் டிஃப்யூசர் ஓரம் முழுக்க நீர் கோத்து, தூசி ஒட்டி, கறுத்துப்போகும். குளிர்நீர்க் குழாயின் இன்சுலேஷன் கிழிந்த இடத்தில் சொட்டும் நீர் ஃபால்ஸ் சீலிங் பலகையின் மேல்பக்கத்தை நனைக்கும். கீழே மஞ்சள் கறை தெரிவதற்குள் மேலே பூஞ்சை பிடித்திருக்கும். நனைந்த ஜிப்சம் பலகை, கார்பெட், காகிதக்கட்டு எதையும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்த வேண்டும். முடியவில்லை என்றால் வெட்டி எடுத்து எறிவதே சரி. மேலே பெயின்ட் அடிப்பது பயன்படாது. வெளிச்சுவரின் உட்புறத்தில் வினைல் வால்பேப்பர் ஒட்டுவது நம் தட்பவெப்பத்துக்குத் தவறான வேலை. சுவர் வழியாக வரும் ஈரம் அதன் பின்னால் சிக்கி, கண்ணுக்குத் தெரியாமல் பூஞ்சை வளர்க்கும்.

தேவைக்கு மீறிய டன் ஏசியும் ஈரத்தைக் கூட்டும். அறை சீக்கிரம் குளிர்ந்து கம்ப்ரசர் நின்றுவிடும், ஈரத்தை எடுக்க நேரம் கிடைக்காது. ஃபேன் மட்டும் ஓடினால், ஏசிக்குள் இருக்கும் குளிர்ந்த குழாய்ச் சுருளான காயிலில் இருக்கும் நீர் திரும்ப ஆவியாகி அறைக்கே வரும். ஈரப்பத மீட்டர் 60 சதவீதத்துக்குக் கீழே காட்ட வேண்டும். குளிர்கிறது, ஆனால் பிசுபிசுக்கிறது என்றால் இதுதான் பிரச்சினை. தெர்மோஸ்டாட்டை இன்னும் இறக்கினால் அது மோசமாகும்.

காயிலுக்குக் கீழே இருக்கும் வடிதட்டைத் திறந்து பாருங்கள். நீர் நிற்கக் கூடாது, வழுவழுப்பு இருக்கக் கூடாது. பல ஏ.எச்.யூ.க்களில் ஃபேன் காயிலுக்குப் பின்னால் இருந்து இழுக்கும் அமைப்பு. அப்போது வடிகுழாயில் போதுமான ஆழமுள்ள நீர்ப்பொறி, அதாவது டிராப், இல்லையென்றால் ஃபேன் குழாய் வழியாகவே காற்றை இழுத்து நீரை வடியவிடாமல் தட்டிலேயே நிறுத்திவிடும். ஃபேனின் இழுவை நீரை 50 மில்லிமீட்டர் உயரத்துக்கு உறிஞ்சும் அளவு என்றால், டிராப் அதைவிட ஆழமாக இருக்க வேண்டும். இந்தச் சிறு குழாய் வளைவு தப்பாக இருப்பதால் எத்தனையோ அலுவலகங்கள் சேற்று வாடையோடு ஓடிக்கொண்டிருக்கின்றன. காயிலும் தட்டும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு மான்ட்ரியாலில் மூன்று அலுவலகக் கட்டடங்களில் நடந்து 2003-ல் வெளியான ஆய்வைச் சொல்லலாம். அந்தப் பரப்புகள்மீது புற ஊதா விளக்கு எரிந்த வாரங்களில் அங்கிருந்த நுண்ணுயிர்கள் ஏறக்குறைய முழுக்க அழிந்தன. விளக்கு எரிகிறதா இல்லையா என்று தெரியாத ஊழியர்களின் அறிகுறிகள் சுமார் 20 சதவீதம் குறைந்தன.

லெஜியோனெல்லா 20 முதல் 45 டிகிரி வரை உள்ள நீரில் வளரும். நம் மேல்நிலைத் தொட்டி நீர் வருடம் முழுக்க அந்த எல்லைக்குள்தான். அதைக் குடிப்பதால் வழக்கமாக நோய் வராது. மிக நுண்ணிய திவலையாக மூச்சில் போனால்தான் வரும். ஆகவே கவனிக்க வேண்டியவை கூலிங் டவர் (நீரைக் காற்றில் தெளித்து ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் கோபுரம்), ஷவர், அலங்கார நீரூற்று. கூலிங் டவரின் அடித்தொட்டியைச் சுத்தம் செய்த தேதி, கிருமிநாசினி அளவு, நீர்த்திவலை தடுப்பான் உடையாமல் இருக்கிறதா என்பது மூன்றுக்கும் பதிவேடு கேளுங்கள். டவரின் வெளியேற்றத்துக்கும் வெளிக்காற்று எடுக்கும் வாய்க்கும் இடையே குறைந்தது 25 அடி வேண்டும் என்பது ஆஷ்ரே கணக்கு. நீண்ட விடுமுறைக்குப்பின் திறக்கும்போது எல்லாக் குழாய்களையும் சில நிமிடம் ஓடவிடுங்கள். வெந்நீர்த் தொட்டி 60 டிகிரியில் இருக்க வேண்டும்; மின்சாரம் மிச்சம் என்று 45-ல் வைப்பது கிருமிக்கு உதவும்.

கழிவறை வாடை அலுவலகத்துக்குள் வந்தால் தரையில் வாடையைத் தடுக்க நீர் தேங்கி நிற்கும் நஹானி டிராப்பைப் பாருங்கள். பயன்படுத்தாத மூலையில் அது காய்ந்துபோயிருக்கும். வாரம் ஒரு முறை ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் போதும்.

ஜெனரேட்டருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் புகைக்குழாய் உயரம் வகுத்திருக்கிறது: கட்டடத்தின் உயரத்தோடு, ஜெனரேட்டரின் திறனைக் குறிக்கும் கே.வி.ஏ. எண்ணின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்கி வரும் மீட்டரைக் கூட்ட வேண்டும். 100 கே.வி.ஏ. என்றால் கட்டடத்துக்கு மேல் 2 மீட்டர். முதல் மாடி ஜன்னலுக்குக் கீழே புகை விடும் ஜெனரேட்டர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. ஜெனரேட்டர் அறைக்கு மேலோ பக்கத்திலோ உட்காருகிறவர்கள் ஓர் அலாரம் கட்டாயம் வைக்க வேண்டும்.

புது இன்டீரியர் பற்றி. எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு, ப்ளைவுட் பலவற்றில் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை இருக்கிறது. வெப்பமும் ஈரமும் கூடக் கூட அதிலிருந்து வாயு கூடுதலாக வெளியேறும். அரை மணி நேர அளவாக ஒரு கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாங்கும்போதே, இந்த வாயுவைக் குறைவாக விடும் ஈ1 தரப் பலகை கேளுங்கள், வெட்டிய ஓரங்களையும் மூடச் சொல்லுங்கள். குடியேறும்முன் காற்றோட்டி வெளியேற்றுவதற்குப் பசுமைக் கட்டடத் தரநிலையான லீட் சொல்லும் கணக்கு சதுர அடிக்கு 14,000 கன அடி வெளிக்காற்று. 2,000 சதுர அடி அலுவலகத்தில் நிமிடத்துக்கு 1,000 கன அடி தள்ளும் ஃபேன் இரவும் பகலும் ஓடினால் ஏறக்குறைய 20 நாள் ஆகும். வெள்ளிக்கிழமை கார்பென்டர் வெளியேறி திங்கட்கிழமை ஊழியர்கள் உட்காருவது எவ்வளவு அவசரம் என்று இதிலிருந்து தெரியும். வாஷிங்டனில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைமையகத்திலேயே 1987-88-ல் புதுக் கம்பளம் விரித்தபின் ஊழியர்கள் நோயுற்று, விஷயம் நீதிமன்றம் வரை போனது. டென்மார்க்கில் நகராட்சிக் கட்டடங்களில் நடந்து 1987-ல் வெளியான ஆய்வு, அறையில் துணி, கம்பளப் பரப்பும் திறந்த அலமாரிகளின் நீளமும் கூடக் கூடப் புகாரும் கூடுவதைக் காட்டியது. அவை தூசியைப் பிடித்து வைத்துத் திரும்ப விடுகின்றன. ஃபைல்களைக் கதவுள்ள அலமாரிக்கு மாற்றுவது செலவு குறைந்த நல்ல மருந்து.

வாங்கக் கூடாதவையும் உண்டு. ஓசோன் விடும் "ஏர் ப்யூரிஃபையர்" நுரையீரலுக்கே கேடு. எலுமிச்சை மண ஸ்பிரேயில் உள்ள பொருள் ஓசோனோடு சேர்ந்து ஃபார்மால்டிஹைடை உண்டாக்கும். ஹெப்பா ஃபில்டர் உள்ள கருவி தூசியைப் பிடிக்கும், கார்பன் டை ஆக்சைடைத் தொடாது. செடித் தொட்டிகள் அழகுக்குத்தான். காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமானால் சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடி வேண்டும் என்று 2019-ல் வெளியான மறு ஆய்வு கணக்கிட்டது. கண்ணுக்குத் தெரியும் பூஞ்சையை விட்டுவிட்டுக் காற்றில் பூஞ்சை எண்ணும் பரிசோதனைக்குப் பணம் கட்டாதீர்கள். அந்த எண்ணை வைத்து நல்லது, கெட்டது என்று பிரிக்க ஒப்புக்கொள்ளப்பட்ட எல்லையே கிடையாது.

மனம் பற்றிய வாதத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். லண்டன் அரசு ஊழியர்கள் 4,000 பேரை வைத்து 2006-ல் வெளியான வைட்ஹால் ஆய்வில், கட்டடத்தின் நிலையைவிட வேலைப் பளுவும் ஆதரவின்மையும் அறிகுறிகளோடு அதிகம் தொடர்புற்றிருந்தன. மான்ட்ரியாலில் 1993-ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆளுக்கு 20 கன அடியாக இருந்த வெளிக்காற்றை 50 ஆக உயர்த்தியும் அறிகுறிகள் குறையவில்லை. இதன் பொருள் 20-க்கு மேல் கொட்டினால் பெரிய பலன் இல்லை என்பதே. வெளிக்காற்றே விடாத நிர்வாகங்கள் அதைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள முடியாது. வேலை அழுத்தம் அறிகுறிகளைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் டேம்பர் மூடியிருக்கிறதா என்பதற்கு ஏ.எச்.யூ. அறையில்தான் விடை இருக்கிறது. ஊழியரின் மனதில் தேடக் கூடாது.

கடைசியாக மருத்துவர். வெளியே வந்ததும் தணியும் தலைவலிக்குக் கட்டடத்தைச் சரிசெய்தால் போதும். கடும் காய்ச்சலோடு இருமலும் மூச்சுத்திணறலும் வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். கூலிங் டவர் உள்ள கட்டடத்தில் வேலை செய்வதைச் சொல்லுங்கள்; லெஜியோனெல்லாவுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை இருக்கிறது. ஆனால் அது முக்கியமான ஒரு வகையை மட்டுமே பிடிக்கும், இல்லை என்று வந்தாலும் முழுக்க விலக்கிவிட முடியாது. அலுவலகத்தில் மட்டும் இழுப்பு, நெஞ்சு இறுக்கம் வருகிறவர்கள் மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்றை வாங்கி, ஒரு நாளுக்குக் குறைந்தது நாலு தடவை ஊதி, நாலு வாரம் எழுதிவையுங்கள், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. வேலை நாட்களில் இறங்கி விடுமுறையில் ஏறும் வரைபடம் வந்தால் அதை நுரையீரல் மருத்துவரிடம் காட்டுங்கள். வேலையிடத்தில் வந்த ஆஸ்துமாவில் எவ்வளவு சீக்கிரம் அந்த இடத்தை விட்டு விலகுகிறோமோ அவ்வளவுக்குக் குணமாகும் வாய்ப்பு அதிகம். டேம்பரைத் திறக்கும்வரை அவர்களை அங்கேயே உட்கார வைக்கக் கூடாது.